பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆட்டம்

சுகாதாரத் துறையின் இடமாற்றப் பிரிவில் எழுத்தராக இருந்த அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான அதிகாரிகூட, கோபம் வராத நாட்களில், அப்படித்தான். நர்சுகளும் மருந்தாளுநர்களும் ஊர் மாற்றம் கேட்டு எழுதும் மனுக்கள் முதலில் வந்து விழுவது அவள் மேசைத் தட்டில். அவள் படித்துப் பார்த்து, ஓரத்தில் ‘பரிந்துரைக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால்தான் ஃபைல் அதிகாரியின் அறைக்குள் நுழையும். எழுதாவிட்டால் அது எங்கே கிடக்கிறது என்பது கடவுளுக்கும் அவளுக்கும் மட்டுமே வெளிச்சம்.

ஆனால் பெரியக்கா மேசையில் ஃபைல் தங்காது என்று அந்தக் கட்டடம் முழுக்கப் பேர். அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரும் வந்தார். மவுஸைப் பிடிக்கச் சொன்னால் எல்லாருக்கும் கை நடுங்கியது. பக்கத்து மேசைத் தட்டச்சரம்மாவுக்கு வாய் மட்டும் நடுங்கவில்லை.

“சார், இந்த எலி நான் கிழக்க இழுத்தா மேற்க போகுது. எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு.”

“தலைகீழாப் பிடிச்சிருக்கீங்கம்மா” என்றார் வாத்தியார். “ஒண்ணு பண்ணுங்க. எல்லாரும் ஒரு வாரம் சீட்டு ஆடுங்க. இதுக்குள்ள சீட்டாட்டத்தைப் போட்டு வெச்சதே அதுக்குத்தான்னு சொல்வாங்க. சீட்டைப் பிடிச்சு இழுத்துப் போடப் பழகிட்டா, அப்புறம் எதை வேணும்னாலும் இழுக்கலாம்.”

அரசாங்க நேரத்தில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து சீட்டாடச் சொன்னால் யார் மாட்டேன் என்பார்கள்! மற்றவர்கள் ஏழு வரிசை ஆட்டத்தில் விழுந்தார்கள். அதில் பாதிச் சீட்டு கவிழ்ந்து கிடக்கும். எது புரண்டு வருமோ என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார வேண்டும். பெரியக்காவுக்கு அது ஒத்து வரவில்லை. அவளுக்குப் பிடித்தது ஃப்ரீசெல் என்று இன்னொன்று.

அதில் ஒளிவு மறைவே கிடையாது. ஐம்பத்திரண்டு சீட்டும் முகம் காட்டி எட்டு வரிசையாக விரிந்து கிடக்கும். வரிசைக்குள் பெரியதன் மேல் சின்னது, சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு என்று மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டு போக வேண்டும். இடது மூலையில் நாலு காலிக் கட்டம். வழியை மறிக்கும் சீட்டை அங்கே ஒண்டவைக்கலாம், கட்டத்துக்கு ஒன்றுதான். வலது மூலையில் இன்னும் நாலு கட்டம். ஏஸ், இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு இனத்தையும் ராஜா வரைக்கும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் ஜெயித்தாகிவிட்டது. நடுவில் ஒரு குட்டி ராஜா முகம். மவுஸ் இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் பார்ப்பான், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். அதிர்ஷ்டத்துக்கு அதில் வேலை இல்லை. தோற்றால் குற்றம் ஆடியவருடையது. அதுதான் அவளுக்குப் பிடித்ததே.

ஒன்று முதல் முப்பத்திரண்டாயிரம் வரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைத் தட்டினால் அந்த ஆட்டம் வந்து விரியும். எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரில் தட்டினாலும் அதே சீட்டு, அதே வரிசை. எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க முடியும் என்று நம்பப்படுகிறது, ஆனால் நிரூபிக்கப்படவில்லை என்று அதன் உதவிக் குறிப்பில் போட்டிருந்ததை வாத்தியார் வாசித்துச் சொன்னார். பெரியக்கா முன்பாதியை மனதில் முடிந்துகொண்டாள். பின்பாதி காற்றோடு போயிற்று.

எந்த எண்ணைத் தட்டுவது? கண்ணெதிரே தட்டில் ஃபைல். அதன் மேல் எண். தட்டினாள், ஆடினாள், ஜெயித்தாள். ஜெயித்த சந்தோஷத்தில் அந்த ஃபைலை எடுத்து அப்போதே குறிப்பெழுதி அனுப்பினாள். மறுநாளும் அப்படியே. நாளுக்கு இரண்டு ஃபைல், மூன்று ஃபைல்; ஆட்டமும் அத்தனை. கொஞ்ச நாளில் அது ஒரு முறையாகவே உட்கார்ந்துவிட்டது. ஆட்டத்தை ஜெயிக்காமல் ஃபைலில் பேனா வைக்கக் கூடாது. முரண்டு பிடிக்கும் ஆட்டம் ஒரு நாள் இழுக்கும், அபூர்வமாக இரண்டு நாள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. மற்றப் பிரிவுகளில் ஆறு மாதம் தூங்கும் காகிதம் இங்கே மூன்றே நாளில் கதவைத் தாண்டியது. விளையாட்டாகச் செய்கிற காரியம் யாருக்கும் கெடுதலாக முடியும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும், சொல்லுங்கள்.

அப்படியிருக்கும்போது வந்தது பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் எண் ஃபைல்.

மலைமேல் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் நர்ஸ் எழுதிய மனு. கணவனுக்குக் கப்பலில் வேலை. பத்து மாதக் கைக்குழந்தை. மலையில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் குழந்தையை நகரத்தில் அண்ணன் வீட்டில் விட்டிருக்கிறாள். மாதம் ஒரு முறை வந்து பார்க்கிறாள். நகர ஆஸ்பத்திரியில் இடம் காலியாக இருப்பதால் மாற்றித் தர வேண்டும். எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. இணைக்க வேண்டிய சான்றுகளை எல்லாம் இணைத்திருந்தாள். ஒரு குறை சொல்ல முடியாத மனு.

பெரியக்கா எண்ணைத் தட்டினாள். விரிந்ததைப் பார்த்ததுமே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று ஏஸ்கள் மூன்று வரிசைகளின் அடியாழத்தில், ஆளுக்கு ஆறு சீட்டுப் பாரத்தைச் சுமந்துகொண்டு கிடந்தன. நாலாவதற்கும் தலைக்குமேல் நாலு சீட்டு. ஒன்றை எடுக்கப் போனால் காலிக் கட்டம் நாலும் நிரம்பிவிடும். நிரம்பினால் கையைக் கட்டிக்கொண்டு ராஜாவின் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். அன்று ஏழு முறை தோற்றாள். ஃபைலை இழுப்பறைக்குள் வைத்தாள்.

தினமும் காலையில் முதல் வேலை அதுவாயிற்று. அதில் தோற்றுவிட்டு, மற்ற ஃபைல்களின் ஆட்டங்களை ஜெயித்து அனுப்புவாள். அவை வழக்கம்போல ஓடின. இது மட்டும் இழுப்பறையில். ஒரு தடவை பேனாவைத் திறந்துவிட்டாள். ஐந்து வருடமாக ஜெயித்து அனுப்பிய ஒரு மாறுதலும் கெட்டுப்போனதாகச் சேதி இல்லை. தோற்றுப்போன எண்ணை அனுப்பி அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் நல்லதுக்குத்தானே என்று பேனாவை மூடினாள். தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. உண்மை என்னவென்றால், தோற்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் நர்ஸே வந்தாள். ஒல்லியான பெண், முப்பது வயதுகூட இருக்காது. பேருந்தில் நின்றுகொண்டே வந்த களைப்பு. கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுக்கும்போது கூடவே ஒரு குட்டிக் காலுறை மேசைமேல் விழுந்தது. சட்டென்று எடுத்து உள்ளே திணித்துக்கொண்டாள்.

“அக்கா, என் ஃபைல்...”

“பார்த்துக்கிட்டே இருக்கேன் சிஸ்டர். வந்துடும்.”

“இங்க உங்க மேசைக்கு வந்துட்டா மூணே நாள்தான்னு எங்க டாக்டரம்மா சொன்னாங்க. அதான் லீவு போட்டுட்டு வந்துட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

“இதுல என்ன தப்பு. போய்ட்டு வாம்மா.”

அவள் போனபின் தட்டச்சரம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன பெரியக்கா, உங்க மேசையிலகூட ஃபைல் உட்கார ஆரம்பிச்சுடுச்சா? டீ, காப்பி ஏதாவது குடுத்தீங்களா அதுக்கு?”

பெரியக்கா சிரித்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிஜச் சீட்டுக்கட்டு ஒன்றை வாங்கி வந்து, அலுவலகத்தில் குறித்துக்கொண்டு வந்த வரிசைப்படி கட்டிலில் பரப்பினாள். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த கணவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“படுக்க இடம் வேணும்னா நான் எந்த ராஜாகிட்ட மனு போடணும்?”

“சும்மா இருங்க. கணக்குத் தப்புது.”

“இவ்வளவு நேரம் தப்பினா அது கணக்கோட தப்பில்ல, துணியோட தப்பு. சில துணி எப்படி வெட்டினாலும் சட்டைக்குப் போதாது. மடிச்சு வெச்சுட்டு அடுத்ததை எடுக்கணும்.”

“உங்களுக்கு வெட்டத் தெரியலைன்னு சொல்லுங்க” என்றாள் அவள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு மிஷினை மிதித்தார்.

ஏழாவது வாரம் நர்ஸ் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை.

“நான் ஏதாவது விவரம் விட்டுட்டேனா அக்கா? அதனாலதான் நிக்குதா?”

பெரியக்காவின் வாய் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. “ஆமாம்மா. சில விவரம்... சரிபார்க்க வேண்டியிருக்கு.”

“எது அக்கா? இப்பவே எழுதித் தர்றேன்.”

“வேணாம், நானே பார்த்துக்கறேன்.”

“உங்களுக்கு எவ்வளவு சிரமம்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள் அந்தப் பெண். கும்பிட்ட கையைப் பார்க்க முடியாமல் பெரியக்கா இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினாள். அங்கே அந்த ஃபைல்தான் இருந்தது.

பதினோராவது வாரம் பிரிண்டர் மக்கர் செய்தது. ரிப்பேர்காரர் வந்தார், வழுக்கைத் தலை, தொந்தி, எப்போதும் ஏதாவது முணுமுணுக்கிற மனுஷர். வயரைத் தேடி அவள் மேசைக்குப் பின்னால் குனிந்து எழுந்தவர் திரையைப் பார்த்தார். ஆட்டத்தின் தலைப்பில் எண் பளிச்சென்று தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்.

“அக்கா! போயும் போயும் இதையா ஆடுறீங்க? யாராவது பந்தயம் கட்டி மாட்டிவிட்டாங்களா?”

“ஏன், என்ன இதுக்கு?”

“இது ஜெயிக்க முடியாத ஆட்டம். முப்பத்திரண்டாயிரத்துல இது ஒண்ணே ஒண்ணுதான் அப்படி.”

“யார் சொன்னது?”

“ஆடிப் பார்த்தவங்க சொன்னதுதான். இது ரொம்பப் பழைய ஆட்டம்க்கா. முதல்ல கையில சீட்டை வெச்சுக்கிட்டு ஒரே இனத்து மேல ஒரே இனத்தைத்தான் அடுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் ஒரு காலேஜ் பையன், படிக்கிற காலத்துலயே, சிவப்பு மேல கறுப்புன்னு மாத்தி காலேஜ் கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சான். அப்படியே பரவி நம்ம மேசை வரைக்கும் வந்தது. எல்லா ஆட்டமும் ஜெயிக்க முடியுமான்னு ஒரு சந்தேகம். நூறு பேருக்கு மேல இன்டர்நெட்ல சேர்ந்து, நூறு நூறு ஆட்டமா பங்கு போட்டு எல்லாத்தையும் ஆடித் தீர்த்தாங்க. கடைசியில இது ஒண்ணு மட்டும் நின்னுடுச்சு. கம்ப்யூட்டரை விட்டே தேடிப் பார்த்தாங்க. வழியே இல்ல.” வயரைச் சொருகினார். “நீங்க எத்தனை தடவை ஆடினீங்க?”

“ரெண்டு மூணு தடவை” என்றாள் பெரியக்கா. முந்நூறுக்குக் குறையாது.

அவர் போன மறு நிமிடம் ஃபைலை வெளியே எடுத்தாள். ‘பரிந்துரைக்கலாம்’. எழுத ஐந்து விநாடி ஆகவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் தங்கிய ஃபைலில் இன்னொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும்: தாமதத்துக்கான காரணம். பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு, ‘மனுதாரரிடமிருந்து கூடுதல் விவரங்கள் பெற வேண்டியிருந்தமையால்’ என்று எழுதி, அதிகாரியின் அறைக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் உத்தரவு போயிற்று. முடிந்தது, இனி ஃபைல் எண்ணை ஆட்டத்தில் தட்டுவதில்லை என்று முடிவு செய்தாள். நிம்மதியாகச் சாப்பிட்டாள்கூட.

ஒரு மாதம் கழித்து, ஒரு முற்பகல், நர்ஸ் வந்து நின்றாள். நகர ஆஸ்பத்திரிச் சீருடை, வெள்ளை வெளேரென்று.

“அக்கா, நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். மன்னிப்பும் கேக்கணும்.”

“மன்னிப்பா? எதுக்கு?”

“என் தப்பால உங்க மேசையில ஃபைல் அவ்வளவு நாள் நின்னுடுச்சு. உத்தரவுலயே போட்டிருந்தது, நான் விவரம் சரியாத் தரலைன்னு. உங்க மேசையில ஃபைலே நிக்காதாமே. உங்க பேரைக் கெடுத்துட்டேன்.”

பெரியக்கா தட்டிலிருந்த ஃபைல்களை நேராக அடுக்கினாள். “குழந்தை எப்படி இருக்கா?” என்று கேட்டாள். பேச்சை மாற்றத்தான் கேட்டாள்.

நர்ஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “நல்லா இருக்கா. பேச ஆரம்பிச்சுட்டா. அண்ணன் பசங்க ரெண்டு பேர், அண்ணியை அம்மாங்கறாங்க, என்னை அத்தைங்கறாங்க. அதைக் கேட்டுக் கேட்டு இவளும் என்னை அத்தைங்கறா. நான் தூக்கினா அண்ணியைப் பார்த்துக் கையை நீட்டி ‘அம்மா’ன்னு அழறா.” சீருடையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். “சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. அண்ணன்தான், ‘ஒரு மனுவை ஒழுங்கா எழுதத் தெரியல, நீ என்னத்த நர்ஸ்’னு கோவிச்சுக்கிட்டார். அவர் சொல்றதும் நியாயம்தானே. நானே இழுத்துக்கிட்டது.”

எத்தனையோ பேர் திட்டிக் கேட்டவள் பெரியக்கா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“உன் மனுவுல ஒரு குறையும் இல்லம்மா” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். பிறகு, தட்டச்சரம்மாவின் மேசையில் சத்தம் நின்றுபோனது தெரிந்தும், எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணை, ஆட்டத்தை, இழுப்பறையை.

நர்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. “சீட்டா? என்ன சீட்டு? ஓ.பி. சீட்டா?”

பெரியக்கா எண்ணைத் தட்டித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். எட்டு வரிசையும் விரிந்தன. நர்ஸ் குனிந்து பார்த்தாள், எக்ஸ்ரே படம் பார்ப்பதுபோல, ரொம்ப நேரம்.

“எல்லாமே தெரியுதே” என்றாள். “ஒண்ணுகூட மூடியில்லையே. அப்புறம் எதைப் பார்க்க பதினோரு வாரம்?”

பெரியக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“முதல் தடவை நான் வந்தப்ப அவளுக்கு ஒரு வார்த்தைகூட வராது” என்றாள் நர்ஸ், திரையைப் பார்த்தபடியே. சத்தமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை.

“உட்காரும்மா. பத்து நிமிஷம் உட்காரு” என்று பெரியக்கா பதிவறைக்கு ஓடினாள். ஐம்பது வயது உடம்பு ஓடுவதை அந்தத் தாழ்வாரம் அன்றுதான் பார்த்தது. ஃபைலை எடுத்து வந்து, காரணம் எழுதிய வரியை அடித்து, கீழே எழுதினாள்: ‘மனுதாரர் தரப்பில் எந்தக் குறையும் இல்லை. எழுத்தர் அலுவலக நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டாடி, அந்த ஆட்டத்தில் ஜெயிக்கும்வரை ஃபைலை வைத்திருந்ததே தாமதத்துக்குக் காரணம்.’ கீழே கையெழுத்து, தேதி.

அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

“என்ன பெரியக்கா இது? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அதுதான் சார் நடந்தது.”

“நடந்ததை எல்லாம் ஃபைல்ல எழுதினா ஆபீஸ் நடக்குமா? ‘நிர்வாகக் காரணம்’னு போடுங்க. அது பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. யாருக்கும் வலிக்காது.”

“அந்தப் பொண்ணுக்கு வலிக்குது சார். அவ வீட்ல அவளைத்தான் சொல்றாங்க.”

“மேலிடத்துல விளக்கம் கேட்டா உங்களுக்குத்தான் தலைவலி. இங்க பேப்பர் படிக்கிறவன், தூங்கறவன் எல்லாம் சும்மா இருக்கான். சீட்டாடினதை நீங்களே எழுதித் தர்றீங்க.”

“கேக்கட்டும் சார். நீங்க பார்த்தேன்னு கையெழுத்துப் போடுங்க. நகல் ஒண்ணு அவளுக்குக் குடுக்கணும்.”

அவர் பேனாவை எடுத்தார். பிறகு, தன் பெயர் அந்த வரிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடாதபடி, பக்கத்தின் அடியில் ஒரு மூலையில் கையெழுத்துப் போட்டார்.

நகலை எடுத்துக்கொண்டு வந்தபோது நர்ஸ் உட்காராமல் சன்னல் பக்கம் நின்றிருந்தாள். வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். மருந்துச் சீட்டை மடிப்பதுபோல நாலாக மடித்தாள்.

“அண்ணன்கிட்ட காட்டணும்” என்றாள்.

“காட்டும்மா. நான் வேணும்னா வீட்டுக்கே வந்து...”

“வேண்டாம்.” பைக்குள் வைத்து இழுத்து மூடினாள். பெரியக்கா ஒரு வார்த்தைக்காக நின்றாள். திட்டானாலும் சரி, பரவாயில்லை என்பதானாலும் சரி. “எனக்கு டியூட்டி இருக்கு. வர்றேன் மேடம்” என்றாள் நர்ஸ்.

படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

பெரியக்கா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டில் இரண்டு ஃபைல்கள் வந்திருந்தன. மேலே இருந்ததை எடுத்து முழுக்கப் படித்தாள், சான்றுகளைச் சரிபார்த்தாள், எழுதினாள். அடுத்ததையும் அப்படியே. கை வேலை செய்தது. முகம்தான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காகிதத்துக்குள்ளேயே கிடந்தது. டீ வந்தபோது பக்கத்து மேசைத் தட்டச்சரம்மா ஒரு தம்ளரை ஓசையில்லாமல் இவள் பக்கம் நகர்த்திவைத்தாள். அன்று சாயங்காலம் விளக்கணைத்துப் பூட்டும்வரை, எதற்கெடுத்தாலும் கேலி பேசும் அந்தப் பிரிவில், ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.